வீரத்துக்கு மரணம்தான் சாட்சியா?

இந்தியாவின் மிக உயர்ந்த போர்க்கள விருதான பரம்வீர் சக்ராவை இதுவரை 21 பேர் பெற்றிருக்கிறார்கள். அவர்களில் 14 பேருக்கு அது மறைவுக்குப் பிறகு வழங்கப்பட்டது. மீதி ஏழு பேரின் கதைதான் விசித்திரம். அந்த ஏழு பேரிலும் இரண்டு பேரை அரசாங்கம் முதலில் இறந்துபோனவர்கள் என்றே அறிவித்தது. ஒருவரை 1962 போரில், இன்னொருவரை 1999-ல்.

முதலாமவர் மேஜர் தன் சிங் தாபா. 8-வது கூர்க்கா ரைபிள்ஸின் முதல் பட்டாலியனைச் சேர்ந்தவர். லடாக்கில் பாங்காங் ஏரியின் வடகரையில் சிரிஜாப் என்ற காவல் நிலை அவர் பொறுப்பில் இருந்தது. 1962 அக்டோபர் 20 விடிகாலையில் சீனப் படை பீரங்கிகளால் அந்த இடத்தைப் புரட்டி எடுத்தது. அடுத்தடுத்து வந்த தாக்குதல்களைச் சமாளித்துக் கடைசியில் பதுங்கு குழிக்குள் கைகலப்பு வரை போய், நிலை விழுந்தது. அங்கிருந்து யாரும் மீளவில்லை என்று மேலிடம் முடிவு செய்தது. வீரமரணம் அடைந்தவர் என்ற முறையில் பரம்வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. வீட்டில் ஈமச்சடங்குகள் முடிந்தன. மனைவி விதவைக் கோலம் பூண்டார். அதன் பிறகுதான் சீனாவின் போர்க் கைதிகளில் தாபாவும் ஒருவர் என்ற செய்தி வந்தது. 1963 மே மாதம் திரும்பி வந்தார். இறந்தவருக்கான சடங்கு முடிந்துவிட்டதால், பிறந்தவருக்குரிய சடங்குகளையும் செய்து, அதே மனைவிக்கு மறுபடி தாலி கட்ட வேண்டியிருந்தது. அரசு தன் அறிவிப்பைத் திருத்தினால் போதும் என்றிருந்தது. குடும்பத்தார் ஒரு கல்யாணத்தையே நடத்தினார்கள். தாபா லெப்டினன்ட் கர்னலாக ஓய்வுபெற்று, 2005 வரை வாழ்ந்தார்.

இரண்டாமவர் யோகேந்திர சிங் யாதவ். உத்தரப் பிரதேசத்தின் புலந்த்ஷஹர் மாவட்டத்துக்காரர். தகப்பனாரும் 1965, 1971 போர்களைப் பார்த்த சிப்பாய். 1999 ஜூலை 3 இரவு கார்கிலின் டைகர் ஹில்லில், சுமார் 16,500 அடி உயரத்தில், 18 கிரெனேடியர்ஸ் பட்டாலியனின் ‘காதக்’ பிளட்டூன் செங்குத்துப் பாறை வழியாக ஏறியது. மற்றவர்கள் ஏறிவரக் கயிறு கட்டும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார் யாதவ். வயது பத்தொன்பது. பாதி வழியில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கி பேச ஆரம்பித்தது. குண்டுகள் பாய்ந்த உடம்போடு மிச்ச தூரத்தைத் தவழ்ந்து ஏறி, பதுங்கு குழிக்குள் கையெறி குண்டை வீசி நால்வரைக் கொன்றார் என்கிறது விருதுக் குறிப்பு. அதற்கடுத்து நடந்ததை அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். கூட வந்தவர்கள் எல்லாம் விழுந்து கிடக்க, எதிரிகள் ஒவ்வொரு உடலாகச் சுட்டுச் சரிபார்த்துக்கொண்டு வந்தார்கள். இவர் மீதும் சுட்டார்கள். அசையாமல் கிடந்தார். நெஞ்சுக்கு வந்த குண்டு சட்டைப்பையில் கிடந்த ஐந்து ரூபாய் நாணயங்களில் பட்டு நின்றது. தொங்கிப்போன கையை பெல்ட்டில் செருகிக்கொண்டு ஓடையில் உருண்டு இறங்கி, கீழே இருந்த நம் படைக்கு எதிரி அடுத்து எங்கே தாக்கப்போகிறான் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் நினைவிழந்தார்.

விருது அறிவிப்பு வந்தபோது அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘மறைவுக்குப் பின்’ என்று இருந்தது. அதே பட்டாலியனில் அதே பெயரில் இன்னொருவர் இருந்தார், உயிரிழந்தவர் அவர். இவர் ராணுவ மருத்துவமனையில் கட்டிலில் இருந்தார்.

பெயர்க் குழப்பம், போர்க்களத் தகவல் குளறுபடி என்று இரண்டையும் கடந்துவிடலாம். என்னால் அப்படிக் கடந்துவிட முடியவில்லை. தவறான தகவல் மேலே போகும்போது அது வழியில் யாருக்கும் உறுத்தாமல் போயிற்று என்பதுதான் விஷயம். இவ்வளவு செய்த ஒருவன் பிழைத்திருக்க மாட்டான் என்று நம் மனம் ஏற்கெனவே முடிவு கட்டி வைத்திருக்கிறது. உச்ச வீரம் என்றால் அதற்குச் சாட்சி மரணம்தான் என்ற பழக்கம் சட்டத்தில் இல்லை. பரம்வீர் சக்ராவின் விதிகளில் எங்கும் வீரன் இறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. பழக்கம் மனத்தில் இருக்கிறது. அது விருதுக் குழுக்களைப் பாதிக்கிறது. அதைவிட மோசமாக, உயிரோடு இருப்பவர்களை நாம் நடத்தும் விதத்தைப் பாதிக்கிறது.

அந்தப் பழக்கத்தின் சாயல் பதக்கத்திலேயே உண்டு என்று சொல்லலாம். 1950 ஜனவரி 26-ல் நிறுவி, 1947 ஆகஸ்ட் 15 முதல் முன்தேதியிட்டு வழங்கப்பட்ட இந்தப் பதக்கத்தை வடிவமைத்தவர் சாவித்ரி கானோல்கர். சுவிட்சர்லாந்தில் பிறந்து, இந்திய ராணுவ அதிகாரியை மணந்து, வேதமும் புராணமும் கற்றவர். வெண்கல வட்டத்தில் இந்திரனின் வஜ்ராயுதத்தை நாலு திசைக்கும் பொறித்தார். வஜ்ராயுதம் எதனால் ஆனது? ததீசி முனிவர் உயிரை விட்டுக் கொடுத்த முதுகெலும்பால். முதல் பதக்கமும் 1947 நவம்பர் 3-ல் பட்காமில் உயிர்விட்ட மேஜர் சோம்நாத் சர்மாவுக்கே போயிற்று; அவர் சாவித்ரியின் மூத்த மகளின் கணவருடைய உடன்பிறந்தவர் என்பது தற்செயல்.

இதில் நாம் பரவாயில்லை என்று சொல்லவும் இடமிருக்கிறது. பாகிஸ்தானின் நிஷான்-ஏ-ஹைதர் இதுவரை உயிரோடிருந்த ஒருவருக்குக்கூடக் கிடைத்ததில்லை. அதே டைகர் ஹில்லில் எதிர்த் தாக்குதல் நடத்தி மாண்ட கேப்டன் கர்னல் ஷேர் கானின் (‘கர்னல்’ என்பது அவர் பெயரின் பகுதி) துணிச்சலைக் கண்ட இந்தியப் பிரிகேடியர் எம்.பி.எஸ். பாஜ்வா, உடலைத் திருப்பி அனுப்பும்போது சட்டைப்பையில் ஒரு சீட்டு எழுதி வைத்தார்: இந்த மனிதர் வீரமாகப் போரிட்டார், உரிய மரியாதை கிடைக்க வேண்டும் என்ற பொருளில். பாகிஸ்தான் அவருக்குத் தன் உச்ச விருதைக் கொடுத்தது. எதிரியே நற்சான்று எழுதிய அபூர்வமான சம்பவம். ஒருவேளை ஷேர் கான் காயத்தோடு பிழைத்து ஊர் திரும்பியிருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று யோசிக்கிறேன். முன்மாதிரிகளைப் பார்த்தால், அடுத்த படியில் உள்ள விருதுதான்.

அமெரிக்காவிலும் இந்தப் பிரச்சினை வெளிப்படையாகவே பேசப்பட்டது. வியட்நாம் போருக்குப் பிறகு, சோமாலியா, இராக், ஆப்கானிஸ்தான் சண்டைகளுக்காக வழங்கப்பட்ட உச்ச விருதான ‘மெடல் ஆஃப் ஹானர்’ ஒவ்வொன்றும் இறந்தவர்களுக்கே போயிற்று. 2010 நவம்பரில்தான், ஆப்கானிஸ்தானின் கோரெங்கல் பள்ளத்தாக்கில் 2007-ல் நடந்த சண்டைக்காக சால்வடோர் ஜியுன்டா என்ற வீரர் உயிரோடு அதை வாங்கினார். தரத்தை உயர்த்துகிறோம் என்ற பெயரில் உயிரை விலையாகக் கேட்கிறோமா என்று அந்த நாட்டு நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் கேள்வி எழுந்தது. 2016-ல் ராணுவத் தலைமையகமே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய விருதுப் பரிந்துரைகளை மறுபடி எடுத்துப் பார்த்தது. குறைவான விருது பெற்ற சிலருக்கு உயர்ந்த விருது கிடைத்தது.

தரம் பற்றிய பயம் வெறும் சாக்கு அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 27-வது மெய்ன் படைப்பிரிவு வாஷிங்டனைக் காக்கக் கூடுதலாகச் சில நாட்கள் தங்கியதற்காக, தங்காமல் ஊருக்குப் போனவர்களையும் சேர்த்து, 864 பேருக்கு மெடல் ஆஃப் ஹானரை அள்ளிக் கொடுத்தார்கள். 1917-ல் ஒரு குழு உட்கார்ந்து 911 பேரின் விருதுகளைப் பட்டியலிலிருந்து அடித்தது. ‘வைல்ட் வெஸ்ட்’ காட்சிகள் நடத்திப் புகழ்பெற்ற பஃபலோ பில் உட்பட. அந்தப் பட்டியலில் அடிபட்ட, அந்த விருதைப் பெற்ற ஒரே பெண்ணான டாக்டர் மேரி வாக்கர், திருப்பித் தர மறுத்துச் சாகும்வரை அதைக் குத்திக்கொண்டே திரிந்தார். அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து, 1977-ல்தான் அதை முறைப்படி திருப்பிக் கொடுத்தார்கள்.

இன்னொரு பயமும் உண்டு. அதை யாரும் கோப்பில் எழுத மாட்டார்கள். இறந்தவர் இனி எந்தத் தவறும் செய்ய மாட்டார், உயிரோடிருப்பவர் செய்யலாம். ஆஸ்திரேலியாவில் உயிரோடு விக்டோரியா கிராஸ் வாங்கி, நாட்டின் முகமாகவே கொண்டாடப்பட்ட பென் ராபர்ட்ஸ்-ஸ்மித், பத்திரிகைகள் மீது தொடுத்த அவதூறு வழக்கில் 2023-ல் தோற்றார். ஆப்கானிஸ்தானில் நிராயுதபாணிகளின் கொலையில் அவருக்குப் பங்கு உண்டு என்ற செய்திகள் கணிசமாக உண்மை என்று நீதிபதி முடிவுக்கு வந்தார். 2025-ல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. அது சிவில் வழக்கின் தீர்ப்பு, அவர் குற்றச்சாட்டுகளை மறுத்தே வருகிறார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இப்படி ஒன்று நடந்தால் அரசுக்கு எவ்வளவு தர்மசங்கடம் என்று புரிகிறது. ஆனால் ஒரு நாள் செய்த காரியத்துக்குத்தான் பதக்கம். வாழ்நாள் முழுமைக்குமான நடத்தைச் சான்றிதழாக அதை மாற்றினால், சான்றிதழைப் பத்திரமாக வழங்கக்கூடிய இடம் சமாதி மட்டும்தான்.

இந்தியாவில் இன்று பரம்வீர் சக்ராவோடு உயிரோடு இருப்பவர்கள் மூவர். பானா சிங், யோகேந்திர சிங் யாதவ், சஞ்சய் குமார். விருதுக்குரிய செயலைச் செய்த நாளில் மூவரில் ஒருவர்கூட அதிகாரி வரிசையில் இல்லை. ஒருவர் நாயிப் சுபேதார், ஒருவர் கிரெனேடியர், ஒருவர் ரைபிள்மேன். சஞ்சய் குமார் ஹிமாசலப் பிரதேசத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்துக்காரர். ராணுவத்தில் சேர முயன்று திருப்பி அனுப்பப்பட்டு, டெல்லியில் டாக்ஸி ஓட்டிப் பிழைத்து, 1996-ல்தான் உள்ளே நுழைய முடிந்தது. மூன்றே ஆண்டுகளில், 1999 ஜூலை 4 அன்று, முஷ்கோ பள்ளத்தாக்கின் பாயின்ட் 4875-ல், முதல் பதுங்கு குழிக்குள் தனியாகப் பாய்ந்து மூவரைக் கொன்று, அடுத்த குழியில் எதிரி விட்டு ஓடிய இயந்திரத் துப்பாக்கியையே எடுத்து, ஓடியவர்கள் மீது திருப்பினார். ரத்தம் கொட்டியும் கீழே இறங்க மறுத்துவிட்டார். அதே பாயின்ட் 4875-ல், அதே 13 ஜம்மு காஷ்மீர் ரைபிள்ஸில், மூன்று நாள் கழித்து உயிர்விட்டவர் கேப்டன் விக்ரம் பத்ரா. பத்ராவை நாட்டில் தெரியாதவர் இல்லை. ‘ஷேர்ஷா’ படம் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். சஞ்சய் குமாரின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், பத்தில் ஒன்பது பேர் கிரிக்கெட் வீரரா, அரசியல்வாதியா என்று கேட்பார்கள். 2003-ல் வந்த ‘எல்ஓசி கார்கில்’ படத்தில் யாதவும் சஞ்சய் குமாரும் பாத்திரங்களாக வந்தார்கள்தான், ஒரு பெருங்கூட்டத்தின் நடுவில். வீரமரணம் அடைந்த மேஜர் முகுந்த் வரதராஜனைப் பற்றிய ‘அமரன்’ படம் தமிழ்நாட்டை அழவைத்தது. அந்தக் கண்ணீரில் பொய் எதுவும் இல்லை. என்றாலும் சினிமாவுக்கு க்ளைமாக்ஸ் வேண்டும். சண்டை முடிந்து, காயம் ஆறி, இருபது வருஷம் டியூட்டி பார்த்து, பென்ஷன் புத்தகத்தோடு பேங்குக்குப் போகும் மனிதனின் கதைக்கு அது கிடைக்காது. யாதவும் சஞ்சய் குமாரும் தங்கள் கதையைச் சாவகாசமாக நாட்டுக்குச் சொல்லக் கிடைத்த பெரிய மேடை, 2021-ல் ஒரு டிவி விநாடி-வினா நிகழ்ச்சி. அமிதாப் பச்சன் கேட்டார், அவர்கள் சொன்னார்கள்.

பானா சிங்கின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஜம்முவில் ரண்பீர் சிங் புரா பக்கம் காத்யால் கிராமத்து விவசாயக் குடும்பம். 1969-ல், தன் இருபதாவது பிறந்த நாளன்று ராணுவத்தில் சேர்ந்தார். 1987-ல் சியாச்சினில், சுமார் 6,500 மீட்டர் உயரத்தில், பாகிஸ்தான் தன் தேசத் தந்தையின் பட்டப்பெயரை வைத்து ‘காயித் போஸ்ட்’ என்ற நிலையை அமைத்திருந்தது. அங்கே உட்கார்ந்தவன் கண்ணில் படாமல் கீழே இருந்த இந்திய நிலைகளுக்கு ஹெலிகாப்டரில் மண்ணெண்ணெயோ ரேஷனோ போக முடியாது. அதைப் பிடிக்க வழி பார்க்கப்போன செகண்ட் லெப்டினன்ட் ராஜீவ் பாண்டேயும் அவர் ஆட்களில் பலரும் மே மாதக் கடைசியில் கொல்லப்பட்டார்கள். ஆனால் சாவதற்கு முன் பனிச்சுவரில் அவர்கள் அடித்து வைத்திருந்த கயிறுகள்தான் அடுத்தவர்களுக்கு வழி காட்டின. அடுத்த நடவடிக்கைக்கு ‘ஆபரேஷன் ராஜீவ்’ என்றே பெயர் வைத்தார்கள். மேஜர் வரிந்தர் சிங் தலைமையில் போனவர்கள் முதல் முயற்சிகளில் மேலே ஏற முடியாமல் திரும்பினார்கள். குளிரில் துப்பாக்கிகள் சுடாமல் நின்றன. ஜூன் 26 அன்று பானா சிங், சூனி லால், லட்சுமண் தாஸ், ஓம் ராஜ், காஷ்மீர் சந்த் ஆகிய ஐவர், சுமார் 1,500 அடி உயர, கிட்டத்தட்ட நேர்க்குத்தான பனிச்சுவரில், எதிரி எதிர்பார்க்காத நீண்ட பாதை வழியாகப் பனிப்புயலுக்கு நடுவே ஏறினார்கள். மேலே ஒரே ஒரு பதுங்கு குழி. கையெறி குண்டை உள்ளே போட்டுக் கதவை வெளியிலிருந்து சாத்தினார் பானா சிங். வெளியே நின்றவர்களோடு துப்பாக்கி முனைக் கத்தியால் சண்டை. அந்த உச்சிக்கு இன்று ‘பானா டாப்’ என்று பெயர். பரம்வீர் சக்ராவை அவருக்கு அணிவித்தவர் அன்றைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன்.

2000-ல் கௌரவ கேப்டனாக ஓய்வு பெற்று கிராமத்துக்குத் திரும்பினார். பரம்வீர் சக்ரா பெற்றவர் என்ற முறையில் அவருடைய மாநில அரசு மாதந்தோறும் கொடுத்த தொகை நூற்று அறுபது சொச்சம் ரூபாய். ஆமாம், மாதத்துக்கு. பக்கத்து மாநிலங்களான பஞ்சாபும் ஹிமாசலமும் அதே விருதுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்களே என்று அவர் வாய்விட்டுக் கேட்டார். பஞ்சாபுக்குக் குடிவந்தால் நிலமும் லட்சங்களும் தருகிறோம் என்று அங்கிருந்து அழைப்பு வந்தது. நான் ஜம்மு காஷ்மீர்க்காரன் என்று மறுத்துவிட்டார். சர்ச்சை பெரிதான பிறகு, 2006-ல் மாநில அரசு பத்து லட்சம் அறிவித்தது. அவர் பெயரில் ஒரு விளையாட்டு மைதானமும் வந்தது. அதை மேம்படுத்த ஒதுக்கிய பணம் வரவில்லை என்று 2013-ல் பத்திரிகைச் செய்தி.

நம் ஊரில் ஒரு பழைய வசனம் உண்டு: விருது வாங்கியவர் பணம் கேட்கலாமா? கேட்கலாம். கேட்டாக வேண்டும். இறந்த வீரனின் சிலைக்கு வெண்கலம் வாங்க அரசு டெண்டர் விடும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. உயிரோடிருக்கும் வீரன் மாதாந்திரத் தொகையைப் பற்றி வாய் திறந்தால் மட்டும் ஏதோ மாற்றுக் குறைந்துவிட்டதுபோல் பார்க்கிறோம். பானா சிங் அன்று பேசியிராவிட்டால் அந்த நூற்று அறுபது சொச்சம் ரூபாய் இன்னும் எத்தனை வருஷம் போய்க்கொண்டிருக்குமோ.

மத்திய அரசு தன் பங்கை 2017 ஆகஸ்ட் முதல் மாதம் 10,000-த்திலிருந்து 20,000 ரூபாயாக உயர்த்தியது. பிரிட்டனில் விக்டோரியா கிராஸ் பெற்றவர்களுக்கு 2015 முதல் ஆண்டுக்கு 10,000 பவுண்டு. இரு நாட்டு விலைவாசியையும் வைத்துப் பார்த்தால் நம் தொகை ஒன்றும் கேவலமில்லை. கோளாறு மாநிலங்களின் ரொக்கப் பரிசுகளில் இருக்கிறது. ஒரே மலையில், ஒரே இரவில், ஒரே காரியத்தைச் செய்த இரண்டு பேரில் ஒருவர் பிறந்த மாநிலம் கோடிகளில் தரும், இன்னொருவர் பிறந்த மாநிலம் லட்சங்களில் நிறுத்தும். போருக்கு அனுப்பியது மாநிலமா? பாதுகாப்பு அரசமைப்பின் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. அப்படியானால் இந்தத் தொகையையும் மத்திய அரசே நாடு முழுக்க ஒரே அளவாகக் கொடுத்துவிட்டு, மாநிலங்கள் மேற்கொண்டு தருவதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுவதுதான் முறை. உயிரோடிருக்கும் பரம்வீரர் மூவர். அமைதிக்கால உச்ச விருதான அசோக் சக்ராவைச் சேர்த்தாலும் கருவூலம் காலியாகிவிடாது.

பெயர் சூட்டுவதில் மட்டும் நாம் கை ஓங்கியவர்கள். எண்பதுகளில் இந்தியக் கப்பல் கழகம் தன் எண்ணெய்க் கப்பல்களுக்கு அந்த விருது பெற்றவர்களின் பெயரை வைத்தது. 1948-ல் தித்வாலில் பரம்வீர் சக்ரா பெற்ற கரம் சிங், பஞ்சாபில் வாழ்ந்துகொண்டிருக்கும்போதே அவர் பெயர் தாங்கிய கப்பல் கடலில் ஓடிக்கொண்டிருந்தது. 2019-ல் டெல்லியில் தேசியப் போர் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டபோது 21 பேருக்கும் மார்பளவுச் சிலைகள் வந்தன. 2023-ல் அந்தமான் நிகோபாரில் பெயரில்லாத 21 பெரிய தீவுகளுக்கு அவர்களின் பெயர்கள். இதெல்லாம் நல்லதுதான். தன் சிலையைத் தானே நின்று பார்க்கும்போது அந்த மூவருக்கும் என்ன தோன்றும் என்று யாராவது கேட்டால் சுவாரசியமாக இருக்கும்.

தமிழ்நாட்டில் சங்க கால நடுகல் மரபு பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். அதே சங்க காலத்தில் உயிரோடிருந்த படைத்தலைவனுக்கு ‘ஏனாதி’ என்று பட்டம் கொடுத்து, மோதிரம் அணிவித்து, ஊரும் கொடுத்தார்கள் என்பதைப் பேசுவது குறைவு.

மரணமும்கூட எல்லா இடத்திலும் செல்லுபடியாவதில்லை என்பதற்கு நம்மிடமே ஓர் உதாரணம் இருக்கிறது. பானா சிங் சியாச்சினில் ஏறிய அதே 1987-ன் நவம்பர் 25 அன்று, யாழ்ப்பாணத்தில் கந்தரோடை அருகே விடுதலைப் புலிகளோடு நடந்த மோதலில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் உயிரிழந்தார். பம்பாயில் பிறந்த தமிழர்; சென்னையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் பயின்று 1972-ல் அதிகாரியானவர். மார்பில் குண்டு வாங்கிய பிறகும் எதிரில் இருந்தவரின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டு, சாகும்வரை தன் ஆட்களை வழிநடத்தினார் என்பது விருதுக் குறிப்பு. பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே தமிழர் அவர். சென்னை ஆற்காடு சாலைப் பக்கம் ராணுவக் குடியிருப்பு ஒன்றுக்கு அவர் பெயர். அதற்கு மேல் தமிழ்நாட்டின் பொதுநினைவில் அவருக்கு இடமில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படை அங்கே நடந்துகொண்ட விதம் பற்றித் தமிழ்நாட்டில் கோபம் இருந்தது, இருக்கிறது. 1990 மார்ச்சில் அந்தப் படை சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது அன்றைய முதல்வர் மு. கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஒரு போரை ஏற்காதவர்கள் அதில் போரிட்டவரை எப்படி நினைவுகூர்வது என்ற கேள்விக்கு எளிய விடை என்னிடமும் இல்லை. சுமார் 1,200 இந்திய வீரர்களை அனுப்பிவைத்து இழந்த முடிவு அந்த மேஜர் எடுத்ததல்ல என்பதை மட்டும் சொல்லலாம்.

மீண்டும் விருதுக் குழுவுக்கு வருகிறேன். கார்கிலுக்குப் பிறகு பரம்வீர் சக்ரா யாருக்கும் வழங்கப்படவில்லை. 2020 ஜூனில் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் 20 பேர் இறந்தார்கள். கர்னல் சந்தோஷ் பாபுவுக்கு அடுத்த படியான மகாவீர் சக்ரா. அதற்கும் அடுத்த படியான வீர் சக்ரா ஐந்து பேருக்கு; அதில் நால்வர் இறந்தவர்கள், ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் கே. பழனி உட்பட. உயிரோடு வாங்கியவர் ஹவில்தார் தேஜிந்தர் சிங் மட்டும். அந்த இரவில் ஆற்றங்கரை இருட்டில் கல்லோடும் கம்பியோடும் மோதிப் பிழைத்து வந்தவர்கள் எத்தனையோ பேர். உயர் விருதுக்கு உரிய காரியத்தை அவர்களில் ஒரே ஒருவர்தான் செய்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. அமெரிக்கர்கள் 2016-ல் செய்ததுபோல, கார்கில் முதல் கல்வான் வரையிலான பரிந்துரைகளை ஒரு குழு மறுபடி எடுத்துப் பார்க்கலாம். யாருக்கும் கொடுத்ததைப் பிடுங்க வேண்டாம். பிழைத்து வந்ததாலேயே ஒரு படி கீழே இறக்கப்பட்டவர் யாராவது உண்டா என்று பார்த்தால் போதும்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது, அதற்குக் குழுவும் வேண்டாம். கரம் சிங் 1993-ல் போய்விட்டார். நௌஷேரா பாதையில் டாங்கிகளுக்கு அடியில் தவழ்ந்து கண்ணிவெடிகளை அகற்றிய ராமா ராகோபா ராணே 1994-ல். பசந்தரில் போரிட்ட ஹோஷியார் சிங் 1998-ல். தாபா 2005-ல். அவர்கள் வாயால் சொல்லிக் கேட்டிருக்க வேண்டியது பலவும் அவர்களோடு போயிற்று. நமக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் விருதுக் குறிப்பின் சில பத்திகள். விருதுக் குறிப்பு ஓர் அரசாங்கத் தாள். யாதவின் சட்டைப்பையில் ஐந்து ரூபாய் நாணயம் கிடந்தது அதில் வராது. செத்ததுபோல் கிடந்தபோது மனத்தில் ஓடியது எதுவும் வராது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2000 முதல் சாதாரணச் சிப்பாய்களின் நினைவுகளையும் பதிவுசெய்து சேர்த்து வைக்கிறது. நம் பாதுகாப்பு அமைச்சகத்திலும் வரலாற்றுப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பானா சிங்குக்கு எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. அவரோடு ஏறிய சூனி லால் 2007-ல் குப்வாராவில் தீவிரவாதிகளோடு நடந்த சண்டையில் உயிர்விட்டு, மறைவுக்குப் பின் அசோக் சக்ரா பெற்றார். அவரிடம் கேட்க இனி வழியில்லை. பானா சிங்கிடம் கேட்க, ஒரு கேமராவும், டோக்ரியோ பஞ்சாபியோ தெரிந்த பொறுமைசாலி ஒருவரும், காத்யால் கிராமத்தில் ஒரு வாரமும் போதும். பட்ஜெட்டில் தனித் தலைப்புகூடத் தேவைப்படாது.